கீறி வைக்காத நெறிக்கட்டி

அந்தப் பாட்டில் என் மேசைக்கு வந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். சித்திரைத் திருவிழா நேரம். மறுநாள் அழகரை வரவேற்கும் எதிர்சேவை. அதற்கு மறுநாள் விடிகாலையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். எங்கள் லேப் வைகைக்கு வடகரையில் இருக்கிறது. அந்த நாட்களில் தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வரை தலைகள்தான் தெரியும். வண்டி வராது, ஆள் வந்துசேர முடியாது. எல்லாரும் கிளம்புகிற அவசரத்தில் இருந்தோம். பாட்டிலுக்குள் கழுத்திலிருந்து வெட்டி எடுத்த நெறிக்கட்டி, அதாவது வீங்கிய நிணநீர் முடிச்சு. ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். என் சித்தப்பா பெயர்.

வரும் என்று தெரியும். எங்கள் லேபுக்கே அனுப்பச் சொன்னதும் நான்தான். பதிவேட்டில் ஏற்றினேன், நம்பர் போட்டேன், அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்ப அதைத் திறந்தது திங்கட்கிழமை.

நான் திசு நோயியல் லேபில் டெக்னீஷியன். 19 வருஷமாக மதுரையில் இதே வேலை. ஊரில் 'சதை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு' என்பார்களே, அந்தச் சதை வந்து சேருகிற இடம் எங்கள் மேசை. சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் ஊறி வந்ததை டாக்டர் வெட்டிக் கொடுப்பார். துண்டு கேசட் என்கிற சின்னப் பெட்டிக்குள் போகும். ராத்திரி முழுக்க மெஷினில் ஆல்கஹாலிலும் சைலீனிலும் முங்கி எழுந்து, காலையில் மெழுகில் உறைந்து பிளாக் ஆகும். அதை மைக்ரோடோமில் 3 மைக்ரான், 4 மைக்ரான் கனத்துக்குச் சீவினால் ரிப்பன் மாதிரி தொடர்ந்து வரும். வெந்நீரில் மிதக்க விட்டுக் கண்ணாடியில் ஏந்தி எடுக்க வேண்டும். ரிப்பனை எடுக்கும்போது மூச்சு விடக்கூடாது என்பது எனக்குச் சொல்லிக் கொடுத்த அக்காவின் முதல் பாடம்.

பல வருஷம் எங்கள் பொறுப்பு அந்தக் கண்ணாடியோடு முடிந்தது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 'நல்லா வந்திருக்கும்மா' என்றால் அன்றைய சம்பளம் செரித்த மாதிரி. இப்போது அப்படி இல்லை. லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்று என்று சந்தேகம் வந்தால், அதே பிளாக்கிலிருந்து பத்துச் சீவல் எடுத்துச் சின்னக் குழாயில் சுருட்டிப் போட்டு, டிஎன்ஏவைப் படிக்க வெளியூர் லேபுக்கு அனுப்புகிறோம். எந்த வகை லிம்ஃபோமா, எந்த மருந்து கேட்கும் என்பதெல்லாம் அதிலிருந்து வருகிறது. சிக்கல் என்னவென்றால், கண்ணுக்கு அழகாகத் தெரிகிற திசு டிஎன்ஏ படிக்கத் தேறாமல் போகலாம். எங்கள் தொழிலே கண்ணுக்காக உருவானது. 1893இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற மருத்துவர், ஃபார்மலின் கிருமியைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் நுனித் தோல் விறைத்துப் போனதைக் கவனித்தார். விரலையே விறைக்க வைக்கிறதென்றால் திசுவையும் பதப்படுத்துமே என்று போட்டுப் பார்த்தார். அன்று யாரும் டிஎன்ஏவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

சித்தப்பாவின் பாட்டிலுக்கு வருகிறேன். அது மாத்திரை வந்த பழைய பிளாஸ்டிக் டப்பா. வாய் குறுகலானது. புதிதாக வெட்டிய நெறிக்கட்டி கொழகொழவென்று இருக்கும், எந்த வாய்க்குள்ளும் நுழைந்துவிடும். ஃபார்மலினில் ஊறியதும் வேகவைத்த ஈரல் மாதிரி கெட்டிப்பட்டு, போன வழியில் திரும்பி வராது. திங்கட்கிழமை டப்பாவின் கழுத்தைக் கத்தரிக்கோலால் அறுத்துத்தான் எடுத்தோம். இரண்டரை சென்டிமீட்டர் இருந்தது. அது மூழ்கக்கூட முழுசாகக் காணாத அளவில் கொஞ்சம் ஃபார்மலின். திசுவின் அளவைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. டாக்டர் பிளேடை வைத்து இரண்டாகப் பிளந்தார். ஓரம் வெளிறி இறுகியிருந்தது. நடுவில் அரிசிக் கஞ்சியின் நிறத்தில், தொட்டால் பிசுபிசுவென்று.

எங்கள் அப்பத்தா உப்புக்கண்டம் போடுவாள். கறியை விரல் கனத்துக்குக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் காயப் போடுவாள். ஒரு தடவை நான் சோம்பல்பட்டு நாலைந்து துண்டைத் தடியாக விட்டுவிட்டேன். வெளியே கல்லு மாதிரி காய்ந்திருந்தது. மூன்றாம் நாள் நாற்றம் வந்தது அந்தத் துண்டுகளுக்குள்ளிருந்துதான். 'உப்பு ஒருபக்கம் உள்ள போய்ச் சேரதுக்குள்ள ஊசிப்போறது ஒருபக்கம் முந்திக்கிரும்டி' என்றாள். ஃபார்மலினும் அப்படித்தான். தொடக்கத்தில் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நுழையும், உள்ளே போகப் போக வேகம் குறைந்துவிடும். நெறிக்கட்டிக்கு மேலே ஒரு உறையும் உண்டு. ரத்த ஓட்டம் நின்ற நிமிஷத்திலிருந்து செல்லுக்குள் இருக்கிற நொதிகள் அந்தச் செல்லையே தின்னத் தொடங்கிவிடும். அதுவும் சித்திரை வெயிலில், ஏசி அணைத்துப் பூட்டின அறையில்.

செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: அன்று சாயங்காலம் டாக்டருக்கு ஒரு போன். 'பெரிய நோடு வந்திருக்கு சார், டப்பா சின்னது' என்றால், 'மூணு நாலு மில்லிமீட்டராக் கீறி, நல்ல ஃபார்மலின்ல மாத்தி வைம்மா' என்றிருப்பார். ஐந்து நிமிஷ வேலை. அப்படிக் கீறி வைத்துவிட்டுத் திருவிழா முடியும்வரை பிளாக் போடாமல் காத்திருந்தாலும் இவ்வளவு மோசமாகியிருக்காது. நான் செய்யவில்லை. சொந்தச் சித்தப்பா என்பதால் கூடுதல் கவனம் வந்திருக்க வேண்டும், வந்தது அவசரம். டப்பாவைக் கொடுத்த ஆஸ்பத்திரி மேல் எனக்குக் கோபம் உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் கடைசியாகக் கையில் வைத்திருந்தது நான்.

அந்த டப்பாவில் இருந்த ஃபார்மலினைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகர்ந்தபோதே சந்தேகம், லிட்மஸ் தாளைத் தொட்டுப் பார்த்தால் சிவப்பு. சரியான சரக்கு என்பது ஒரு பங்கு ஃபார்மலினும் ஒன்பது பங்கு தண்ணீரும், அதில் இரண்டு விதமான பாஸ்பேட் உப்பும் சேர்த்தது. அமிலமும் காரமும் இல்லாமல் நடுவாந்தரமாக நிற்கும். பல இடங்களில் உப்பை விட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீரில் கலக்கிக் கேனில் ஊற்றி வைத்துவிடுகிறார்கள். அது நாள்பட நாள்பட ஃபார்மிக் அமிலமாக மாறிக்கொண்டே போகும். அமிலம் பட்ட டிஎன்ஏ துண்டு துண்டாக உடையும். உப்பின் விலை ஒரு டீக்காசுக்குள்தான் வரும். பல ஆயிரம் ரூபாய் டெஸ்டை அந்த டீக்காசு கெடுக்கிறது.

நல்ல ஃபார்மலினுக்கும் கெடு உண்டு. ஒரு நாள் வேண்டும், இரண்டு நாள் போகலாம், மூன்று நாளைத் தாண்டினால் டிஎன்ஏவும் புரதமும் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்பட்டுவிடும். அதைப் பிரித்தெடுக்கும்போது இழை அறுந்து வரும். சித்தப்பாவின் கட்டிக்கு இரண்டு கேடும் ஒன்றாக நடந்திருந்தது. ஓரம் அளவுக்கு மீறி ஊறியது, நடுவில் ஊறுவதற்கு முன்பே அழுகியது.

சீவல் வெளியூர் லேபுக்குப் போய், பன்னிரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. டிஎன்ஏ அளவு போதும், தரம் போதாது, மாற்று மாதிரி அனுப்பவும்.

'அளவு இருக்கு, தரம் இல்ல, அதென்ன தாயி கணக்கு?' என்று சித்தப்பா போனில் கேட்டார். அவர் உசிலம்பட்டிப் பக்கம், விவசாயி. பூ விவசாயமும் பண்ணிப் பார்த்தவர். அதனால் பூவை வைத்தே சொன்னேன். 'ஒரு கூடைச் சரத்தை எவனோ கண்டபடி கத்திரிச்சு விட்டுட்டான்னு வைங்க சித்தப்பா. நிறுத்தா கிலோ சரியா வரும். ஆனா ஒரு முழம் வேணும்னு கேட்டா அறுபடாத முழம் ஒண்ணுகூடக் கிடைக்காது. சாண் சாணாத்தான் கெடைக்கும்.' அது உண்மையில் நடக்கிற டெஸ்டுக்கு ரொம்பத் தள்ளியில்லை. டிஎன்ஏ எவ்வளவு நீளத்துக்கு அறுபடாமல் இருக்கிறது என்று பார்க்க 100, 200, 300, 400, 600 எழுத்து (டிஎன்ஏ இழையின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு எழுத்து) என்று படிப்படியான நீளங்களில் நகலெடுத்துப் பெருக்கிப் பார்ப்பார்கள். சித்தப்பாவுடையது 200இல் மங்கி, 300இல் காணாமல் போயிருந்தது.

நிணநீர்ப் புற்றில் இந்த நீளம் விசேஷமாகத் தொந்தரவு கொடுக்கும். நம் உடம்பில் எதிர்ப்பொருள் செய்கிற வெள்ளணுக்களான பி-செல்கள் ஒவ்வொன்றும் தன் எதிர்ப்பொருள் மரபணுவைத் தனக்கென்று வெட்டி ஒட்டி வைத்திருக்கிறது. ஒன்றின் தையல் இன்னொன்றுக்கு வராது. சாதாரண நெறிக்கட்டில் ஆயிரக்கணக்கான தையல்கள் கலந்து கிடக்கும். புற்று என்றால் ஒரே செல்லின் வம்சம், ஆகவே ஒரே தையல் திரும்பத் திரும்ப வரும். காசநோயால் வீங்கியதா, புற்றா என்று கண்ணால் முடிவு செய்ய முடியாத இடத்தில் இதுதான் கைகொடுக்கும். பயோமெட்-2 என்ற பெயரில் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் 2003இல் வெளியிட்ட முறையில், அந்தத் தையலைப் பிடிக்க மூன்று தொடக்கப் புள்ளிகள் உண்டு. முதலாவதற்கு 310 முதல் 360 எழுத்து நீளம் வேண்டும். மூன்றாவதற்கு 100 முதல் 170 போதும். பழுதான பிளாக்கில் முதலாவது விழாது, மூன்றாவது மட்டும் விழும். அது கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனாலும் மூன்று சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு சாட்சி.

சாட்சி என்றதும் இன்னொன்று. 'எங்கள் மெஷின் ஒவ்வொரு எழுத்தையும் ஐந்நூறு தடவை படிக்கும்' என்று சொல்வார்கள். நல்ல திசுவில் அது ஐந்நூறு பேரைத் தனித்தனியாக விசாரிப்பது. 10 நானோகிராம் டிஎன்ஏவில் ஒரு மரபணுவுக்குச் சுமார் 3,000 பிரதிகள் இருக்கும். அவற்றில் நூற்றுக்கு ஒன்றுதான் அறுபடாமல் தேறியது என்றால் மிச்சம் 30. அந்த முப்பதை நகலெடுத்து நகலெடுத்து ஐந்நூறு தடவை படித்தால், முப்பது பேரையே சுற்றிச் சுற்றி விசாரித்துப் பஞ்சாயத்தை முடிப்பது மாதிரி. ரிப்போர்ட்டில் ஐந்நூறு என்றே அச்சாகும். எண்ணைப் பார்த்து ஏமாறாமலிருக்க, நல்ல லேபுகள் ஒவ்வொரு மூலப் பிரதிக்கும் முதலிலேயே ஒரு அடையாள வால் கட்டிவிடுகின்றன.

எனக்கு அதிகம் பயம் தருவது டெஸ்ட் தோற்பதில்லை. தோற்றால் தோற்றேன் என்று சொல்லிவிடுகிறது. தப்பாக ஜெயிப்பதுதான் பயம். ஃபார்மலின் டிஎன்ஏவின் எழுத்தையே திருத்தும். சைட்டோசின் என்கிற சி எழுத்திலிருந்து ஒரு சின்னப் பகுதி கழன்று அது யுராசில் ஆகிவிடும். படிக்கிற மெஷின் அதை டி என்று வாசிக்கும். நோயாளி உடம்பில் இல்லாத மரபணு மாற்றம், டப்பாவுக்குள் பிறந்துவிடும். யுராசிலைத் தேடி வெட்டும் ஒரு நொதியைப் போட்டுச் சுத்தம் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்கு ஒட்டிய சி கெட்டால் அது யுராசில் ஆவதில்லை, நேராக டி ஆகிவிடுகிறது. நொதிக்கு அது சுத்தமான எழுத்து. புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் நிஜமாகவே புற்று உண்டாக்கும் மாற்றங்களில் பலவும் இதே சி-டி வகை, இதே மாதிரி இடங்களில். நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றில் டிபி53 கெட்டிருக்கிறது என்றால் வழக்கமான கீமோ சரிவராது என்று வைத்தியமே மாறும். பழுதான பிளாக்கில் இப்படி ஒன்று நூற்றுக்கு மூன்று பங்கு தெரிகிறது என்றால், அது நோயா, ஃபார்மலினா? கையெழுத்துப் போடுகிற டாக்டரின் இடத்தில் நான் இல்லை என்பதில் எனக்கு நிம்மதி.

சித்தப்பாவுக்கு மாற்று மாதிரி வேண்டுமே. கழுத்தில் மறுபடி வெட்ட அவர் ஒப்பவில்லை. அதற்குள் ரத்தத்தில் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் ஏறியிருப்பது தெரிந்து, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்திருந்தார்கள். வால்டன்ஸ்ட்ரோம் நோயாக இருக்கலாம் என்றார் ரத்தநோய் டாக்டர். ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம் 1944இல் எழுதி வைத்த நோய், நிணநீர்ப் புற்றில் ஒரு வகை. 2012இல்தான் தெரிந்தது, இந்த நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எம்ஒய்டி88 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று. கூடவே சிஎக்ஸ்சிஆர்4 மரபணுவும் மாறியிருக்கிறதா என்று பார்த்தால், மாத்திரை எப்படிக் கேட்கும் என்று ஓரளவு சொல்லலாம். எம்ஒய்டி88ஐ மட்டும் என்றால் சாண் நீளத்திலேயே பிடித்துவிடலாம். சிஎக்ஸ்சிஆர்4 அப்படியில்லை, மாற்றம் ஒரு நீட்டுக்கு எங்கே வேண்டுமானாலும் இருக்கும், வரிசையாகப் படித்தாக வேண்டும்.

மஜ்ஜையோடு எடுத்த எலும்புக் குச்சியின் பிளாக் இருக்கிறதே, அதை அனுப்பலாம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். எலும்பை மைக்ரோடோம் சீவாது. முதலில் சுண்ணாம்பை இறக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் போட்டால் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், டாக்டருக்கு மறுநாளே ஸ்லைடு. ஆனால் அந்த அமிலம் டிஎன்ஏவைச் சல்லி சல்லியாக்கிவிடும். ஈடிடிஏ கரைசலில் போட்டால் நாள் கணக்கில் ஆகும், டிஎன்ஏ பிழைக்கும். ரத்தம் எடுக்கிற ஊதா மூடிக் குழாயில் இருப்பதும் அதே ஈடிடிஏதான். அங்கே ரத்தத்தின் சுண்ணாம்பைப் பிடித்து உறையாமல் வைக்கிறது, இங்கே எலும்பின் சுண்ணாம்பைப் பிடிக்கிறது. சித்தப்பாவின் எலும்பு அமிலத்தில்தான் போயிருந்தது. மஜ்ஜை ரத்தம் வந்த ஊதா மூடிக் குழாயை வாரக் கடைசியில் கழிவில் போட்டிருந்தார்கள். அது எங்கும் நடக்கிற வழக்கம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது மஜ்ஜை பார்த்த டெக்னீஷியன் தம்பி ஒன்று சொன்னான். 'அக்கா, சாயம் போடாத ஸ்மியர் நாலு கிடக்கு, வேணுமா?' மஜ்ஜை எடுத்ததும் பத்துக் கண்ணாடியில் இழுத்துக் காற்றில் காயவைப்பார்கள். ஆறுக்குச் சாயம் போட்டுவிட்டு, மிச்சம் நாலை மரப்பெட்டியில், தினசரித் தாளில் சுற்றி வைத்திருந்தான். ஃபார்மலின் படாத செல்கள். பிளேடால் சுரண்டிக் குழாயில் சேர்த்தால், பளபளக்கும் மெழுகு பிளாக்கைவிட நீளமான டிஎன்ஏ அதில் கிடைக்கும். ஊசி குத்தி எடுக்கிற எஃப்என்ஏசி ஸ்லைடுக்கும் இது பொருந்தும். ஸ்மியரைத் தூக்கிப் போடாதீர்கள் என்று எங்கள் ஆட்களிடம் இப்போது நான் தொணதொணத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஸ்மியரில் எம்ஒய்டி88 மாற்றம் இருந்தது. சிஎக்ஸ்சிஆர்4 மாறவில்லை. சித்தப்பாவுக்கு வைத்தியம் ஆரம்பித்தது. ஏழு வாரம் வீணாகியிருந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டி, சதை டெஸ்டுக்கு எடுக்கப் போகிறார்கள் என்றால், முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். ஊசியில் உறிஞ்சுவதோடு நிறுத்தாமல் முழு நெறியாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். காசநோய்ச் சந்தேகமும் இருந்தால் ஒரு துண்டு ஃபார்மலின் படாமல் சலைனில் போக வேண்டும். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு ஆகாது. டப்பாவின் வாய் அகலமாக இருக்கட்டும். எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை. முக்கியமாக, சதை எடுப்பதற்கு முன் வீக்கம் வற்ற என்று ஸ்டீராய்டு ஊசி எதுவும் போட்டுக்கொள்ள வேண்டாம். லிம்ஃபோமா செல்கள் ஸ்டீராய்டுக்குச் சட்டென்று சாகும். வீக்கம் வற்றும், ஆளும் தெம்பாவார், நாங்கள் சீவிப் பார்த்தால் செத்த செல்தான் இருக்கும். பெயர் தெரியாமல் நோய் ஒளிந்துகொண்டு, பிறகு திரும்பி வரும்.

பிளாக்கைக் கையில் வாங்கினால் நிழலில் வையுங்கள். போன அக்கினி நட்சத்திரத்தில் ஒருவர் அப்பாவின் பிளாக்கை ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் வைத்து, மேலூரிலிருந்து வழியில் இரண்டு இடம் நின்று வந்தார். மெழுகு இளகி, கவரோடு ஒட்டி, எது அப்பா எது பிளாஸ்டிக் என்று தெரியவில்லை. மறுபடி உருக்கி வார்த்துக் கொடுத்தேன்.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அதில் புற்றுச் செல் நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும், மிச்சமெல்லாம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். எவ்வளவு நேர்த்தியாகப் பதப்படுத்தினாலும் மொத்தமாக அரைத்துப் படித்தால் கூட்டத்தின் டிஎன்ஏதான் கேட்கும். இன்னொரு நாள்.

தை மாசம் சித்தப்பா லேபுக்கு வந்தார், மஞ்சள் பையில் மொச்சைக்காயோடு. முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அன்றுதான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். புதன்கிழமை சாயங்காலம், அலமாரி, ஐந்து நாள், எல்லாம். அவர் ஒன்றும் பேசாமல், அதைப் பார்க்கலாமா என்றார். டிராயரைத் திறந்து பிளாக்கை எடுத்துக் கொடுத்தேன். தீப்பெட்டியில் பாதி அளவு, நடுவில் ஒரு பழுப்புத் தடம்.

'இம்புட்டுத்தானா?' திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இதவா திருவிழா முச்சூடும் ஊறப் போட்ட?'

'ஆமா சித்தப்பா.'

'சரி விடு தாயி. தங்கச்சி கல்யாணத்துக்கு அழகரே லேட்டாத்தான வந்தாரு' என்று பிளாக்கை என் கையில் கொடுத்துவிட்டு, ஆரப்பாளையத்தில் ஆறரை மணி வண்டியைப் பிடிக்கக் கிளம்பினார்.